இடதுகால் ஷூ

என் கணவருக்குத் திறக்கத் தெரியாத பூட்டு இந்த ஊரில் கிடையாது. திறந்ததைத் திரும்ப மூடத்தான் தெரியாது. அலமாரிக் கதவு, குழாய், பற்பசை மூடி, பாதியில் விட்ட பேச்சு எல்லாம் அவர் போன வழியெங்கும் திறந்தே கிடக்கும். பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவது என் தலையெழுத்து. கல்யாணமான புதிதில் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

அதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே பொறுப்பாளர் பதவி எனக்கு வருவதாக இருந்தது. ஏற்றுக்கொண்டால் சாயங்காலம்வரை இருந்தாக வேண்டும். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர முடியாது. அவருடைய பூட்டுக் கடையிலிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். நான் கூட்டி வருகிறேன், நீ நிம்மதியாக இரு என்று மார்தட்டினார். சரி, முதலில் ஒத்திகை பார்ப்போம் என்று அவரிடம் விட்டேன்.

முதல் வாரமே கிழிந்தது. சாவி தொலைந்த பழைய இரும்புப் பெட்டி ஒன்றை யாரோ கடையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். செல்போன் பக்கத்திலேயே அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. பள்ளிக் காவலாளி என்னைக் கூப்பிட, நான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பள்ளி முழுக்கக் காலி. காவலாளியின் முக்காலியில் மகள் மட்டும் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அப்பாவுக்கு என்னைப் பிடிக்காதாம்மா?" என்று கேட்டாள்.

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து அதே கேள்வியை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவள்தான் என் உயிர் என்றார். உயிர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது இவருக்கு இரும்புப் பெட்டியில் என்ன வேலை? 

என் புலம்பலைக் கேட்காத ஆள் மருத்துவமனையில் கிடையாது. ரத்தம் கொடுக்க வந்த மனநல மருத்துவரிடமும் ஊசியைக் குத்திக்கொண்டே புலம்பினேன். அந்த அம்மா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி முழுக்கக் கேட்டார். சின்ன வயதிலும் இப்படித்தானா என்று விசாரித்தார். மாமியார் வாயால் நான் கேட்ட கதைகளுக்குப் பஞ்சமா என்ன? ஒருநாள் அவரை அழைத்து வரச் சொன்னார். அந்த நாளையும் மறந்துவிட்டார் என் கணவர். அடுத்த முறை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மருத்துவர் அவரிடமும் கேட்டார், என்னிடமும் கேட்டார். பள்ளிப் படிப்பு, கடைக்கு முன்னால் ஒவ்வொன்றாக விட்ட வேலைகள், வரிசையில் நிற்க முடியாமல் திரும்பி வருவது, பிடித்த வேலையில் விழுந்தால் எழுந்திருக்காமல் கிடப்பது என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில், இது ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைபாட்டுக் கோளாறு என்றார். அது துறுதுறுவென்று ஓடுகிற பிள்ளைகளுக்கு வருவதல்லவா என்று கேட்டேன். அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து கல்யாணம் செய்துகொள்வார்கள் இல்லையா என்றார். கவனம் இவரிடம் நிறையவே இருக்கிறதாம். அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் இவர் கையில் இல்லையாம்.

 என் கணவர் மெதுவாக, "அப்ப நான் திமிர் பிடிச்சவன் இல்லையா டாக்டர்?" என்றார்.

வாத்தியார் முதல் பெற்ற அம்மாவரை எல்லோரும் சொன்ன வார்த்தை அது. நானும்தான் சொல்லியிருக்கிறேன்.  ஆனாலும் கோபம் வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, சந்தோஷம். பெயரா போய்ப் பிள்ளையை அழைத்து வரும்?

மாத்திரை கொடுத்தார்கள். ஞாபகமாக இருப்பதற்கு மாத்திரை, மாத்திரை போடுவதற்கு யார் ஞாபகம்? வேறு யார், நான்தான். ஆனால் பலன் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆரம்பித்த பேச்சை முடித்தார். சில நாள் குழாயைக்கூட மூடினார். பள்ளி விடும் நேரத்துக்கு மட்டும் அலாரம் பலிக்கவில்லை. அது அடிக்கும், இவர் அணைப்பார், அணைத்த கையோடு மறப்பார். கண்ணிலோ கையிலோ இடறுகிற மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்.

உடனே பூட்டுக்கார மூளை வேலை செய்தது. "பூட்டுன்னா என்ன? ஒண்ணு நடக்காம அடுத்தது நடக்கக் கூடாது, அவ்வளவுதானே" என்றார். மதியத்துக்கு மேல் தேவைப்படும் கருவிகளை ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் காலையில் மகளின் பையில் போட்டுவிட்டார். அவளை அழைத்து வந்தால்தான் சாவி, சாவி வந்தால்தான் வேலை. நானும் வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டினேன்.

சில நாள் நன்றாகத்தான் நடந்தது. பிறகு மறுபடியும் காவலாளியின் போன். மகளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். மனிதர் யாருடைய சூட்கேஸ் பூட்டையோ நோண்டிக்கொண்டிருந்தார். அலமாரி அகலத் திறந்து கிடந்தது.

"சாவி பாப்பா பையில இருக்கு. இதை யார் திறந்தா?" என்று கேட்டேன்.

திரும்பி அலமாரியைப் பார்த்தார். கையிலிருந்த வளைந்த கம்பியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. தான் திறந்ததே அவருக்குத் தெரியவில்லை. பூட்டைக் கண்டதும் கை தானாகத் திறந்திருக்கிறது. பூட்டுக்காரன் தன்னைத் தானே பூட்டிவைத்த லட்சணம் இது. எனக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. பதவி வேண்டாம் என்று நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். மகள் எங்கள் இருவரையும் பார்க்காமல் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரே ஒரு தடவை பாரு. அப்புறம் உன் இஷ்டம்" என்றார்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். பள்ளி வாசலில் மகளை விட்டதும் அவர் குனிந்து தன் இடதுகால் ஷூவைக் கழற்றினார். அதை அவள் பையில் திணித்து ஜிப்பை இழுத்தார். இதைக் கம்பி போட்டுத் திறக்க முடியாது என்றார். வலதுகாலில் ஷூவும் இடதுகாலில் வெறும் சாக்ஸுமாகக் கடைக்கு நடந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. என் கூடப் பிறந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நம்பிக்கை இருந்ததா? இல்லை. பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே அனுமதி கேட்டுக்கொண்டு வந்து, எதிர்ப்பக்க மருந்துக்கடை ஓரமாக நின்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள், வாசல் காலியானது. அவரைக் காணோம். மகள் போய் அதே முக்காலியில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. போதும் இந்த ஒத்திகை என்று தெருவைக் கடந்தேன்.

பக்கத்தில் போவதற்குள் காவலாளி போனை எடுத்துவிட்டார். அம்மாவைக் கூப்பிடட்டுமா என்று அவளிடம் கேட்டார்.

"வேண்டாம் அங்கிள். அப்பா வருவாரு" என்றாள் மகள். "அவர் ஷூ என்கிட்டதானே இருக்கு."

வெயில் காய்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் அப்படியே ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். கண் ஏன் கலங்கியது என்று கேட்காதீர்கள்.

சற்று நேரத்தில் தெருமுனையில் அவர் வந்தார். ஓட்டமும் நொண்டலுமாக, சாக்ஸ் எல்லாம் புழுதியாக, இடுக்கியைக் கையில் பிடித்தபடியே வந்தார். ரொம்ப நேரமாச்சா, பயந்துட்டியா என்று மூச்சிரைக்கக் கேட்டார். பயப்படவில்லை என்று சொல்லி அவள் ஷூவை நீட்டினாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். இருவரும் கைகோத்துக் கிளம்பினார்கள்.

பள்ளிப் பை முக்காலிக்கடியிலேயே கிடந்தது.

வேனுக்குப் பின்னால் நான் தலையில் கைவைத்தேன். கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நாலு எட்டு போயிருப்பார்கள். அவர் நின்றார். தன் தோளைத் தடவிப் பார்த்தார், மகளின் தோளைத் தடவிப் பார்த்தார். திரும்பி ஓடிவந்து பையை எடுத்துக்கொண்டார்.

நான் பஸ் பிடித்து வேலைக்குத் திரும்பினேன். பதவியை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். வழியில் அவருக்கு நல்ல கெட்டியான சாக்ஸ் வாங்கினேன், இடதுகாலுக்கு என்று தனியாக விற்கமாட்டார்களாம்.