தோற்றவன் ஊற்றும் காபி

ஒஸ்மோ மட்டையை ஓங்கிவிட்டான்.

மைதானத்தின் மூலையிலிருந்து ஆரஞ்சுப் பந்து பனித்தரையில் வழுக்கிக்கொண்டு அவனை நோக்கி வந்தது. நான்குக்கு நான்கு. கடைசி நிமிடம். உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரே கோல் கோட்டில் வரிசையாக சுவீடன்காரர்கள். மூலையில் பந்து அடிபட்ட கணமே அவர்கள் பாய்ந்து வர வேண்டும். சறுக்குக் காலணி போட்டுப் பனியில் ஆடும் இந்தப் பேண்டி ஆட்டத்தில் கார்னர் என்றால் அதுதான். அடிப்பவனுக்கும் பாய்பவனுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி. முதலில் பாய்பவன் பந்தை உடம்பால் வாங்கிக்கொள்வான்.

சுவீடனுக்கு அந்த முதல் ஆள் ஹால்வர்.

ஹால்வர் உடனே கிளம்பவில்லை. கழுத்தை முழுக்க இடது பக்கம் திருப்பி, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவன் மாதிரி மூலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகுதான் பாய்ந்தான். அதுவும் நேராக. அவனுடைய இடது பக்கம் சாத்தாத கதவு மாதிரி திறந்து கிடந்தது.

ஒஸ்மோ அடித்தான். பந்து ஹால்வரின் இடது தோளை உரசிப் போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலை குலுங்கியது. ஃபின்லாந்து ஜெயித்துவிட்டது.

பத்துப் பேர் ஒஸ்மோவின் மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தபடி அவன் ஹால்வரைத்தான் தேடினான். வெள்ளைப் பனிமூச்சு விட்டுக்கொண்டு, மட்டையை ஊன்றி, தனியாக நின்றிருந்தான் அவன்.

"ஏய் ஹால்வர், உன் கூட்டாளிக்குக் கல்யாணப் பரிசா?" கம்பித் தடுப்பில் தொங்கிக்கொண்டு ஒருவன் கத்தினான்.

"அந்தப் பக்கச் சட்டையையும் வாங்கிப் போட்டுக்கடா. குளிருக்கு ஆகும்."

அது ஹால்வரின் சொந்த ஊர். கத்தியவர்கள் அவனோடு மர ஆலையில் வேலை செய்கிறவர்கள்.

ஒஸ்மோவும் அங்கேதான் வேலை செய்தான். ஃபின்லாந்திலிருந்து வந்து ஆறு வருஷமாக ஹால்வரோடு ஒரே கிளப். பயிற்சியில் ஒஸ்மோ கார்னர் அடிப்பான், ஹால்வர் பாய்வான். ஹால்வரின் முழங்கால், விலா எல்லாம் ஒஸ்மோவின் பந்து பட்ட தழும்பு. டிசம்பரில் அப்படி ஒரு பந்து ஹால்வரின் முகத் தடுப்புக்கு அடியில் புகுந்து முகத்திலேயே அடித்தது. "நான் கட்டினது புருஷனையா பீட்ரூட்டையான்னு தெரியல" என்று அவன் மனைவி இல்வா சொல்லிச் சிரித்தாள். வீக்கம் வடிந்ததும் ஹால்வர் மறுபடி முதல் ஆளாக வந்து நின்றான்.

அப்படிப்பட்டவன் இன்றைக்கு நின்றுவிட்டான்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். ஃபின்லாந்து கோல்கீப்பர் ஒஸ்மோவின் முதுகில் தட்டினான்.

"மூணு ஃபைனல் தோத்தவன் மூஞ்சி இன்னிக்குமா இப்படி இருக்கணும்? உன் ஸ்நேகிதன் கதவைத் தொறந்து வச்சான், நீ உள்ள போயிட்ட. எனக்கும் அப்படி ஒருத்தன் இருந்தா தேவலை."

சும்மா சொன்னதுதான். ஆனால் அது ஒஸ்மோவின் நெஞ்சில் இறங்கியது.

போன மாதம் ஹால்வர் வீட்டுச் சமையலறையில் ஒஸ்மோவே வாய்விட்டுச் சொல்லியிருந்தான்: "இதுதான்டா எனக்குக் கடைசி. தங்கத்தை ஒரு தடவை கழுத்துல மாட்டிப் பாத்துட்டா போதும்." ஹால்வர் கேட்டுக்கொண்டிருந்தான்.

கேட்டுக்கொண்டு, இன்றைக்குப் பிச்சை போட்டுவிட்டானா?

ஒஸ்மோ கழுத்திலிருந்த தங்கப் பதக்கத்தைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டு வெளியே நடந்தான்.

ஹால்வர் தன் வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டு அதில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இல்வா. அவள் மடியில் பழைய தோல்பெட்டி. ஆட்டம் பார்க்க வரும் எல்லோர் கையிலும் இருப்பது போன்றதுதான். உள்ளே ஃபிளாஸ்க், கோப்பைகள், தொத்திறைச்சி வைத்த ரொட்டி.

"வாடா, உலக சாம்பியன்" என்றான் ஹால்வர்.

ஒஸ்மோ பதக்கத்தை அவன்மேல் வீசினான். ஹால்வரின் கை எழும்புவதற்குள் அது இடது தோளில் பட்டுப் பனியில் விழுந்தது.

"எடுத்துக்க. நீ குடுத்ததுதானே."

"நான் எங்க குடுத்தேன்? நீ அடிச்ச."

"நான் எங்க அடிப்பேன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"அப்ப ஏன் நின்ன?"

"வயசாச்சுடா. காலு எழும்பல."

"யார்கிட்ட கதை விடற? நேத்து வரைக்கும் எழும்பின காலு."

"ஒஸ்மோ, இன்னிக்கு வேணாம்" என்றாள் இல்வா. அழுதிருந்தாள். "உங்க ஆளுங்களோட போய் சந்தோஷமா இரு. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கு எதுக்கு? ஒரே கேள்வி. முப்பத்தஞ்சு வயசுல இதுக்காகத்தான் இன்னும் ஓடிட்டிருந்தேன். எனக்கு இதைப் பிச்சை போட்டியா? ஆமான்னு சொல்லு, இல்ல இல்லைன்னு சொல்லு."

ஹால்வர் இல்வாவைப் பார்த்தான். பிறகு தன் கையுறைகளைப் பார்த்தான்.

"ஆமான்னே வச்சுக்கயேன்."

ஒஸ்மோவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகை மாதிரியே இருந்தது அது.

"சரி. அப்ப நம்ம கதை இதோட முடிஞ்சுது. திங்கக்கிழமை கிளப்புல சொல்லிட்டு நான் ஊருக்குக் கிளம்பறேன். கடைசியா ஒண்ணு. தோத்தவன் ஊத்து."

அது அவர்கள் இருவரின் வழக்கம். பயிற்சியில் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினால், தோற்றவன் ஜெயித்தவனுக்குக் காபி ஊற்ற வேண்டும். கிறிஸ்துமஸிலிருந்து யார் தோற்றாலும் இல்வாதான் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏன் என்று ஒஸ்மோ யோசித்ததில்லை.

இல்வா அவசரமாக ஃபிளாஸ்க்கை எடுத்தாள். "நான் ஊத்தறேன்."

"நீ தோக்கல இல்வா. அவன் ஊத்தட்டும்."

ஒஸ்மோ கோப்பையை நீட்டினான். ஹால்வர் ஃபிளாஸ்க்கை வாங்கினான். மூடியைத் திருகினான். சாய்த்தான்.

காபி கோப்பைக்கு நாலு விரல் தள்ளி, நேராகப் பனியில் விழுந்தது. ஆவி பறந்தது. ஹால்வர் ஊற்றிக்கொண்டே இருந்தான். பனி கரையும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை நிறுத்தினான்.

இல்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒஸ்மோ மெல்லக் கையைத் தூக்கினான். பக்கவாட்டிலிருந்து ஹால்வரின் இடது கண்ணுக்கு அருகே கொண்டுபோய் விரல்களை விசுக்கென்று விரித்தான்.

இமை அசையவில்லை.

"எப்போலேர்ந்து?"

"காபி ஆறிடும்டா."

"ஹால்வர்."

"டிசம்பர்."

"டீம் டாக்டர் பாத்திருப்பாரே."

"கண் டெஸ்ட் போர்டுல இருந்த எழுத்தை நல்ல கண்ணால மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டேன்." ஹால்வர் இடது கையால் துழாவி ஒஸ்மோவின் கோப்பையைப் பிடித்தான். விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றினான். இம்முறை ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"உன் பந்துதான் என் கண்ணை எடுத்துச்சுன்னு சொல்லியிருந்தா, அப்புறம் நீ மட்டையைத் தொட்டிருப்பியா?"