அக்கா விரிவுரையை நிறுத்திய செமஸ்டர்

1

இந்தக் கதையை அக்காவிடம் கேட்டுத்தான் எழுத எடுத்தேன். "எழுதிக்கோ, ஆனா என்னைத் தியாகி ஆக்கிடாதே" என்றாள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிறாள். ஒப்பந்த வேலை, ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும்.

முதல் வரி இப்படி வந்தது: 'கரும்பலகை முன் அவள் ஒரு தீபம்போல...' வேண்டாம். படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

2

அக்காவின் விரிவுரைக்கு நல்ல பேர். மாணவர்கள் மெய்மறந்து கேட்பார்கள். தேர்வில் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். அது உறுத்தியதால் கற்றல் பற்றிய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினாள். சும்மா கேட்பதைவிட, தானே விடை தேடித் தடுமாறினால்தான் மனத்தில் நிற்கும் என்றன அவை. (அப்படிப் படிப்பவர்களுக்குக் குறைவாகக் கற்றதுபோலத் தோன்றலாம் என்றும் சொல்லின. கதையின் முடிச்சே இந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.)

அடுத்த செமஸ்டரில் அக்கா பேச்சைக் குறைத்துக் கேள்விகளைப் போட்டாள். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் நொடியில் அதன்மேல் விசை உண்டா, இல்லையா? ஆளாளுக்கு ஒரு விடை எழுதிப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். வகுப்பு சந்தைக்கடை ஆனது.

ஒரு மாணவி எழுந்தாள். "நாங்களே பேசிக்கிறதுன்னா நீங்க எதுக்கு மேடம்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

3

துறைத்தலைவரை வில்லனாக்கி எழுதிய பக்கத்தை அக்கா அடித்துவிட்டாள். "நல்ல மனுஷன்டா. டீ வாங்கிக் கொடுத்துட்டுத்தான் சொன்னார்."

அவர் சொன்னது: "பசங்க கருத்துக்கணிப்புல உங்க மார்க் அதலபாதாளம்மா. மேலிடம் அதைத்தான் பாக்கும். பழையபடி பேசிட்டுப் போங்களேன்."

"நல்லாத்தான் பேசினேன் சார். அவங்க கத்துக்கல."

"அதை யாரு கேக்கப்போறா?"

4

அந்த செமஸ்டர் தேர்வில் தோற்றவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். கைதட்டலோடு இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் மேலிடம் கருத்துக்கணிப்பை மட்டுமே பார்த்தது: விரிவுரைக்குத் திரும்பினால் இன்னும் ஓராண்டு, இல்லையேல் கிளம்பலாம். அக்கா கையெழுத்துப் போட்டாள். (இதை எழுதத்தான் எனக்கு மனமே வரவில்லை.)

புது செமஸ்டரின் முதல் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிக்கா போச்சு?"

"கை தட்டினாங்கடா." குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தாள். "எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரியே இருந்துச்சு."

5

நாளை அவளுக்கு இரண்டாவது வகுப்பு. 'துணிச்சலோடு அவள்...' என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். வீட்டு வாடகையில் பாதி அவள் சம்பளத்தில்தான் போகிறது. துணிச்சலை நான் எழுதுவது சுலபம். என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டேன். "தெரியலடா" என்றாள்.

வகுப்பறை வாசல்வரை அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். உள்ளே போய்ப் பேசுவாளா, கேள்வி கேட்பாளா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.