பேனைக் கிளிப் போட்ட கத்தி

சிவகுரு அந்த மடக்குக் கத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது அது நாலாவது தரம். கனகரத்தினத்துக்குக் கோபம் சுர்ரென்று உச்சியில் ஏறியது.

"இனி இதுக்கு என்ன குறை? பொட்டு வைச்சுப் பூச்சூட்டிவிடவோ?"

"கோவிக்காதேங்கோ அத்தான். நேற்று மடியிலயிருந்து நழுவிக் கடலுக்க விழப் பாத்தது. கொளுவி வைக்க ஏதும் ஒண்டு போட்டுத் தாங்கோ."

மனைவி புஸ்பராணியின் தம்பி என்பதற்காக ஒரு மனிசன் எவ்வளவைத்தான் பொறுப்பான்? உட்துறைமுக வீதியில் கனகரத்தினம் வைத்திருந்தது பேனையும் குடையும் டோர்ச் லைற்றும் திருத்துகிற கடை. கத்திப் பட்டறை இல்லை. அதுவும் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சந்திக்குச் சந்தி நேவிக்காரரின் சோதனை. சனம் நகவெட்டியைக்கூட வீட்டில் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டது. இவனுக்கு மட்டும் கத்தியில் சோடினை வேண்டிக் கிடக்கு.

ஆனால் அவன் கேட்டதில் ஞாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். சிவகுருவோடு தோணியில் போய்வந்த ஆள் போன வருசம் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அகதியாய்ப் போய்விட்டான். இப்போது இரண்டு பேர் வேலையை இவன் ஒருவனே பார்க்கவேண்டும். இடக்கை எந்நேரமும் சுக்கானில். வலை கடலடிக் கற்பாரில் சிக்கிக் காற்றும் தள்ளினால் தோணி சரியும், அந்தக் கணமே கயிற்றை அறுக்கவேண்டும். மடக்குக் கத்தியைத் திறக்கவோ இரண்டு கை தேவை. கத்தியைத் திறக்கச் சுக்கானை விட்டு ஒருமுறை தோணி கவிழ்ந்து, அரைநாள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு மிதந்து வந்தவன் அவன். பெரிய கத்தி கொண்டுபோகலாம் என்றால் நேவி விடாது. அவர்கள் தந்த மீன்பிடிப் பாஸ் துண்டில் 'மடக்குக் கத்தி ஒன்று' என்றுதான் எழுதியிருந்தது.

அதனால்தான் கனகரத்தினம் முன்னமே அலகில் ஒரு சின்னக் குமிழ் வைத்துக் கொடுத்திருந்தார். பெருவிரலால் குமிழைத் தள்ளினால் ஒரு கையாலேயே கத்தி திறக்கும். சொல்லச் சுகம்! அலகில் ஓட்டை போட மூன்று ட்ரில் ஊசி முறிந்தது. முதலில் வைத்த குமிழ் பிடியில் முட்டிக் கத்தி மடங்க மறுத்தது. அடுத்தது பெருவிரல் பக்கம் இல்லாமல் மற்றப்பக்கம் வந்துவிட்டது. அது கனகரத்தினத்தின் பிழைதான். அதற்கும் சிவகுருவைத்தான் ஏசினார்.

இப்போது கிளிப். உடைந்த பேனை ஒன்றின் கிளிப்பைக் கழற்றி, பிடியில் இரண்டு குட்டித் திருகாணி போட்டு இறுக்கினார்.

"டேய், இதை இடுப்பில கொளுவு. சட்டைப்பொக்கற்றில வைக்காத. பேனை எண்டு நினைப்பாங்கள். விளங்குதோ?"

"ஓம் அத்தான், ஓம் ஓம்."

அந்த ஓமைக் கேட்டபோதே அவருக்குத் தெரியும், இவன் காதில் வாங்கவில்லை என்று.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் புஸ்பராணி மூச்சிரைக்கக் கடைக்கு ஓடிவந்தாள். "தம்பியை நேவி பிடிச்சு வைச்சிருக்கு! கத்தியாம், நீங்கள் செய்த கத்தியாம்!"

நடந்தது இதுதான். கடற்கரைச் சென்றியில், நேவியின் காவலரணில், பாஸ் பதிகிற சிப்பாயின் பேனை எழுதவில்லை. முன்னால் நிற்கிறவனின் சட்டைப்பொக்கற்றில் கிளிப் மினுங்கியது. உரிமையோடு கையை விட்டு உருவினான். உருவிய வேகத்தில் பெருவிரல் குமிழில் பட்டு, பேனை அவன் கையிலேயே கத்தியாய் விரிந்தது. மூன்று துவக்கு சிவகுருவின் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது.

"பேயன்! விசரன்! படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!" வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனார் கனகரத்தினம். நான் செய்யவில்லை என்று சொல்லிவிடலாமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் சிவகுரு திரும்பி வரமாட்டான். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையும் சேர்த்துத் திட்டினார்.

சிவகுரு மணலில் முழங்காலில் இருந்தான். "இடுப்பில, சாரத்தில கிளிப் நிக்குதில்லை அத்தான், அதுதான் பொக்கற்றில..."

"வாயை மூடடா!"

அதிகாரி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் தமிழ் பேசினார். "நீயா செஞ்சது? ஏன் பேனை மாதிரி செஞ்சது?"

"சேர், நான் பேனை திருத்திறவன். என்னட்டை வேற என்ன கிளிப் கிடக்கும்?" எரிச்சலில் வந்த பதில். வந்த பிறகுதான் பயமே வந்தது.

அதிகாரி முறைத்தார். "ஒரு கையால ஏன் திறக்கணும்?"

சொல்லி விளங்கப்படுத்த ஏலாது என்று கனகரத்தினத்துக்குத் தோன்றியது. ஒரு கயிறு கேட்டார். இரண்டு சிப்பாய்களை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். சிவகுருவின் இடக்கையில் ஒரு கம்பைக் கொடுத்து, அதுதான் சுக்கான், விடாதே என்றார். துவக்குகள் பார்த்துக்கொண்டிருக்க, சிவகுரு வலக்கையால் கத்தியைத் திறந்து கயிற்றை அறுத்தான். சிப்பாய்கள் இரண்டு பேரும் மணலில் பொத்தென்று குந்தினார்கள். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்ல வேலை," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா கரையில இது ஆயுதம். குமிழ் வேணாம், கிளிப் வேணாம். இங்கேயே எடு."

அரம் ஒன்று கொடுத்தார்கள். தன் கையால் வைத்த குமிழைத் தன் கையாலேயே அராவி எடுத்தார் கனகரத்தினம். கத்தியைத் திருப்பிக் கொடுத்துச் சிவகுருவை விட்டார்கள். ஆள் உயிரோடு வந்ததே பெரிய காரியம் என்று புஸ்பராணி அன்று கோணேசருக்குத் தேங்காய் உடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சென்றிச் சிப்பாய் கடைக்கு வந்தான். மேசையில் ஐந்து மடக்குக் கத்திகளைப் பரப்பினான்.

"சேர் அனுப்பிச்சு. அந்த மாதிரியே போடு. குமிழும் கிளிப்பும்."

கனகரத்தினம் ஒரு கத்தியை எடுத்துத் திறந்து பார்த்தார். "உங்களுக்கு இது என்னத்துக்கு?"

"டின் மீன் வெட்ட," என்றான் சிப்பாய்.

மாட்டேன் என்று சொல்ல ஏலுமோ? செய்தார். ஒரு ஊசிகூட முறியவில்லை. ஐந்து குமிழும் வைக்கவேண்டிய இடத்தில் அச்சாவாய் வந்து குந்தின. சிவகுருவின் கத்தியில் பழகின கையல்லவா?

சிப்பாய் எடுக்க வந்தபோது சிவகுருவும் கடையில் இருந்தான். சிப்பாயின் பெருவிரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"அப்பிடி இல்லை, விரலைச் சரிச்சுத் தள்ளுங்கோ," என்றான் சிவகுரு. எழுந்துபோய்ப் பிடித்தும் காட்டினான். கத்தி டக்கென்று திறந்தது. சிப்பாய் சந்தோசத்தில் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

"உனக்கு வெக்கம், ரோசம் ஒண்டுமே இல்லையோடா?"

"தெரியாமத் திறந்தா விரலை வெட்டிப்போடுவான் அத்தான்."

இவனை என்ன செய்வது?

அடுத்த நாள் பின்நேரம் காற்று ஊதிக்கொண்டு அடித்தது. பாஸ் முடிகிற நேரம் நாலு மணி. மூன்றரைக்கே கடையைப் பூட்டிவிட்டுக் கரைக்குப் போனார். ஏன் போனீர்கள் என்று கேட்டிருந்தால் அதற்கும் எரிந்து விழுந்திருப்பார். தோணிகள் ஒவ்வொன்றாய் வந்தன. சிவகுருவைக் காணவில்லை. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்தான் வந்தான். வலை பாதி இல்லை. வாய் முழுக்க இரத்தம்.

"கத்தியைப் பல்லால திறந்தனான் அத்தான்," என்றான், கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "சுக்கானை விடேல்லை."

ஏசத்தான் வாயைத் திறந்தார் கனகரத்தினம். அழுகைதான் வந்தது. சென்றிக்காரன் பார்க்கிறான் என்றும் பாராமல் அவனுடைய ஈரச் சட்டையைக் கொத்தாய்ப் பிடித்தார்.

"அவங்கட கத்தி அஞ்சும் ஒரு கையால திறக்குதடா," என்றார். "அஞ்சும் திறக்குது."