இரண்டு அங்குலம் உயர்ந்த சீட்

9 ஆகஸ்ட் 2003, சனி

ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். என் வண்டியை மாற்றிக் கட்டும் முனவ்வரிடம் என் கால் உயரத்தைப் பூட்ஸ் போட்டபடியே அளக்கக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் சாம்பிள் ஷூக்களை எட்டாம் நம்பரில்தான் தைப்பார்கள். என் கால் சரியாக எட்டு. அதனால் கட்டிங் வேலையோடு இன்னொரு வேலையும் என்னிடம் உண்டு. புது மாடலை ஒரு வாரம் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று எழுதிக் கொடுப்பேன். இந்த வாரம் வந்தது வெளிநாட்டு ஆர்டர் பூட்ஸ். ஹீல் இரண்டு அங்குலம். அதோடுதான் முனவ்வர் கடையில் போய் நின்றிருக்கிறேன். இன்று பூட்ஸை சாம்பிள் ரூமில் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்புக் காலோடு வண்டியை எடுக்கப் போனேன். ஏறி உட்கார்ந்தால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. ஒன்றும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சின்னத் தவறு என்று எழுதியது சரியா என்று தெரியவில்லை. பெரியது வேறு இருக்கிறது. பழைய புல்லட்டுகளை ஆளுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது முனவ்வரின் தொழில். வேலையைத் தொடங்கும் முன் என்னிடம் கேட்டான்.

"எவ்ளோ ஸ்பீடு போவ? எந்த ரோடு? பின்னாடி யாரு?"

சோல் செக்‌ஷன் கிறிஸ்துராஜ் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "இவனா? சைக்கிள்காரனுக்கே வழி உட்ருவான் பாய்."

"எம்பது. ஹைவே. பின்னாடி யாருமில்ல" என்றேன்.

அந்த மாதிரி ஓட்டுகிறவனுக்கு என்ன வேண்டுமோ அதை முனவ்வர் ஒழுங்காகக் கட்டிக் கொடுத்துவிட்டான். உயர்ந்த சீட், குனிந்து பிடிக்கிற ஹேண்டில், பின்னால் தள்ளி வைத்த கால் மிதி. நான் நாற்பதைத் தாண்டினால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுவேன். பின்னால் லாரி ஹாரன் கேட்டால் ஓரம் கட்டிவிடுவேன். பின்னால் உட்காரப் போவது என் தங்கை ரெனிட்டா. புதன்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்கிறாள். நான் தினமும் கொண்டுபோய் விடுவேன் என்று சொன்னதை நம்பி, ஹாஸ்டல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

ஆராதனை முடிந்து மாதனூர் அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். ரெனிட்டா பின்சீட்டைத் தட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, எனக்கு எடம் அளக்க மறந்துட்டியா? கைக்குட்டை சைஸ்ல இருக்கு."

மாதனூர் திருப்பத்தில், ஓவர்டைமுக்கு ஆள் ஏற்ற வந்த கம்பெனி பஸ் திடீரென்று நின்றது. நானும் பிரேக் பிடித்து இடது காலை இறக்கினேன். தரை இல்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடம் அரை அடி பள்ளம். கால் தேடிக்கொண்டே போனது. வண்டி சாய்ந்தது. குனிந்த ஹேண்டிலில் என்னால் இழுத்து நிமிர்த்த முடியவில்லை. இருவரும் மண்ணில் விழுந்தோம். பின்னால் வந்த லாரி நிற்காமல் போயிற்று. ரெனிட்டாவின் துப்பட்டா நுனி தார் மேல் கிடந்தது. டயர் அதன்மேல் ஏறிப் போனதைப் பார்த்தேன்.

அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். துப்பட்டாவை எடுத்து உதறினாள். பிறகு, "இன்னா ஆச்சு?" என்றாள்.

"மண்ணு சறுக்கிடுச்சு."

அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். மண் சறுக்கவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் கிறிஸ்துராஜிடம் மட்டும் கால் எட்டாததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதுக்கு ஏண்டா பேஜாராவுற? உன் ஷூவ குடு. ரெண்டு இஞ்ச் ஹீல் ஒட்டித் தர்றேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

கொடுத்துவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு வேலை முடித்துத் தந்தான். சுத்தமான வேலை. அதைப் போட்டுக்கொண்டு, ஷூ தொழில் படிக்கும் மாலை வகுப்புக்குப் போனேன்.

வகுப்பில் இன்று பழுது அறிக்கை எழுதும் பயிற்சி. ஹெலன் மேடம் ஒரு கிழிந்த ஷூவை மேசையில் வைத்தார். முதலில் பழுது, பிறகு காரணம், கடைசியில்தான் திருத்தம் என்றார். எனக்கு அந்த ஷூ கண்ணில் படவில்லை. துப்பட்டா மேல் ஏறிய டயர்தான் தெரிந்தது. காரணம் என்ற இடத்தில் 'சீட் உயரம்' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'எண்பது என்று சொன்னது' என்று எழுதினேன். மேடம் வருவதற்குள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஹீல் இரண்டு அங்குலம் உயர்த்தும். அரை அடிப் பள்ளத்துக்கு அது என்ன செய்யும்? லாரி வந்தால் பயப்படாமல் இருக்க வைக்குமா?

வீட்டுக்கு வந்தபோது ரெனிட்டா துப்பட்டாவைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். கறை போகவில்லை. தலையைத் தூக்காமலே, "புதன்கிழம எத்தன மணிக்கு கெளம்பணும்?" என்றாள்.

அந்தத் தாளைக் கொடுத்து, முனவ்வரிடம் சொன்ன பொய்யையும் ஹீல் ஒட்டியதையும் சொன்னேன். ஈரக் கையோடு படித்தாள். என் ஷூவைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அப்ப எம்பதுல போவ மாட்டியா?"

"நாப்பது. லாரி வந்தா அதுவும் கம்மி."

"நேத்தே சொல்றதுக்கு இன்னா? நீ சறுக்கிடுச்சுன்னதும் நான் ரோட்டத் திட்டினு இருந்தேன்." துப்பட்டாவைப் பிழிந்தாள். "எனக்கும் பயந்தாண்ணா. மறுபடி ஏறச் சொன்னா ஏறுவேனான்னு தெரியல. வண்டி மாறட்டும், பாக்கலாம். நாப்பதுல போனா எப்ப கெளம்பணும்?"

"அஞ்சே காலுக்கு."

"அஞ்சு மணின்னு வெச்சுக்கோ. லாரி வந்தா நீ நடுவுல நிப்ப."

நாளை காலை ஏழு மணிக்கு முனவ்வர் கடை. ரெனிட்டாவும் வருகிறாள். ரப்பர் செருப்போடு கால் உயரம் மறுபடி அளக்க வேண்டும். சீட்டை இறக்கி, பின்னால் இன்னொருவர் உட்காரும்படி நீட்டச் சொல்ல வேண்டும். நிமிர்ந்து பிடிக்கிற ஹேண்டில். நாற்பது, பயம், பின்னால் தங்கை என்று, கிறிஸ்துராஜ் நின்றாலும் சொல்ல வேண்டும். புதனுக்குள் வண்டி வராவிட்டால் முதல் பஸ் நேரம் விசாரிக்க வேண்டும். ஒட்டிய ஹீலைப் பிய்த்தெடுக்க வேண்டும்.