மேகத்தேர்

கட்சால் தீவுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களில் பெரியதம்பியைப் போல ஆமை நடை நடக்கிறவன் வேறு யாரும் இல்லை. "இவன் அடுத்த மரத்துக்குப் போறதுக்குள்ள இந்த மரத்துப் பாலு உறைஞ்சிரும். அரே பாய், ஜல்தி!" என்று மேஸ்திரி சிரிப்பார். பெரியதம்பி கோபப்பட்டதே கிடையாது. ஊர் என்ன சொன்னால் என்ன? அவன் மகள் புஷ்பா அவனை மேகத்தேர் என்றல்லவா கூப்பிட்டாள்!

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், "மேகத்தேரியம், டீ குடிச்சாச்சா?" என்று கேட்டாள். அது என்ன வார்த்தை என்று கேட்டதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொருள் கண்டுபிடித்தது அவன் மனைவி ராஜகுமாரிதான்.

"மேகத்துல போற தேருங்க. சின்னப் புள்ளையில தோள்ல தூக்கிக்கிட்டு மலை ஏறுனீங்கல்ல, அதைச் சொல்லுது. வாலுல இருக்கிற 'யம்' அவ கொழுப்பு."

நீங்களே சொல்லுங்கள், அதற்குப் பிறகு வேறு பொருள் எதற்கு?

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அப்பனும் மகளும் கடலோரத்தில் கூட்டாளி வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். மறுநாள் காலை பூமி ஆடி நின்றது. தண்ணீர் வருகிறது என்று யாரோ கத்த, எல்லோரும் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். முன்னால் ஓடிய புஷ்பா திரும்பிப் பார்த்தாள்.

"மேகத்தேரியம், ஓடி வாப்பா!"

அவன் பாதி வழிகூட வந்திருக்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுக்க அவளே திரும்பி இறங்கினாள். தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்கு ஒரு தென்னை கிடைத்தது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளும் கிடைக்கவில்லை.

நான்கு வருடம் கழித்துப் புதுப் பள்ளிக்கூடம் எழுந்தது. கடல் கொண்டுபோன பிள்ளைகளின் பெயர்களைச் சுவரில் எழுதினார்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பெற்றவர்கள் ஒரு வரி சொல்லலாம். பெரியதம்பி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். அறிவியல் வாத்தியார் தேவேந்திரன்தான் பெயிண்டும் பிரஷ்ஷுமாக நின்றுகொண்டிருந்தார்.

"புஷ்பா பேருக்குக் கீழ என்ன எழுதணும்ணே?"

"மேகத்தேரின் மகள்னு எழுதுங்க சார்."

"மேகத்தேரா?"

"என்னைய அப்பிடித்தான் சார் கூப்புடுவா. மேகத்தேரியம்னு இழுப்பா."

வாத்தியாருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. "மெகாதீரியம்!" என்றார். எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு செத்தது.

"அப்பிடின்னா என்னா சார்?"

"விடுங்கண்ணே. மேகத்தேர்னே எழுதிடலாம்."

"சொல்லுங்க சார்."

"ஒரு மிருகத்தோட அறிவியல் பேரு. தேவாங்கு மாதிரி இருக்கும், ஆனா ஆனை அளவு. அமெரிக்கா பக்கம் இருந்துச்சு. பல ஆயிரம் வருசத்துக்கு முன்னயே அழிஞ்சுபோச்சு. எலும்பைப் பாத்து வச்ச பேரு. வகுப்புல படம் ஒட்டியிருந்தேன்."

"அது ஓடுமா சார்?"

வாத்தியார் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மெகான்னா பெரிய. தீரியம்னா மிருகம். உங்க பேருலயும் பெரிய இருக்குல்ல? அதுக்காகத்தான் புள்ள விளையாட்டா..."

"ஓடுமான்னு கேட்டேன் சார்."

"ஓடாதுண்ணே."

தேர் என்றால் ஓடும். அதனால்தான் ஓடி வா என்று கூப்பிட்டாள் என்று நான்கு வருடமாக நினைத்திருந்தான். கடைசி நேரத்திலும் மகள் நம்மை உயர்த்தித்தான் கூப்பிட்டாள் என்று அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் கத்தியைத் தீட்டினான், சோற்றை விழுங்கினான். அந்தத் தென்னையும் இப்போது முறிந்தது.

வாத்தியார் பெயிண்டைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "அந்தப் பேரை வேற எந்தப் பிராணிக்கும் வைக்கக்கூடாதுங்கிறது விதி. ஒண்ணுகூட மிச்சமில்ல, ஆனாலும் பேரு அதுக்குத்தான்."

"எனக்கு மாறிப்போச்சு சார். மிருகம் மிச்சமிருக்கு. பேரு சொல்லத்தான் ஆளில்ல."

"என்ன எழுதட்டும்ணே?"

"புஷ்பான்னு மட்டும் எழுதுங்க."

வீட்டு வாசலில் ராஜகுமாரி காத்திருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் இனி காலை வைப்பதில்லை என்றும் இருந்தாள்.

"எழுதிட்டாங்களா, புள்ள கூப்புட்ட மாதிரியே?"

"எழுதிட்டாங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. அந்தப் பெயரை அவள் வாய் சொல்வது நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"எந்திரிச்சு வாங்க, மேகத்தேரே. சோறு ஆறுது."

அவன் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினான். எழுந்திருக்க முடியவில்லை. மறுபடியும் ஊன்றினான்.

கதவோரம் வந்து பார்த்த ராஜகுமாரி, எத்தனையோ நாளுக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள்.

"மெதுவாவே வாங்க. இப்ப என்ன அவசரம்?"