அமராவதியின் தாயத்து

பாதியைத் திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அமராவதியிடமிருந்து தொப்புள்கொடியை வாங்கி வந்தேன். இப்போது நினைத்தாலும் என் மீதே எனக்கு எரிச்சல் வருகிறது.

2012. அண்ணாமலை நகரில் என் ஆராய்ச்சியின் கடைசி வருடம். சுனாமி வந்த அன்று வயிற்றில் இருந்த குழந்தைகள்தான் என் விஷயம். தாய் பட்ட பயம் குழந்தையின் ஜீனைத் தொடுமா? ஜீனின் எழுத்து மாறாது. ஆனால் எதை வாசிப்பது, எதை மூடிவைப்பது என்று அதன் மேல் சின்னச் சின்னக் குறிகள் விழும். அந்தக் குறிகளைத் தேடியே ஆறு வருடம் போயிருந்தது. "கல்யாணம்ங்கிற எழுத்த மட்டும் உனக்கு மூடி வெச்சிட்டாங்களாடி ஷஹனாஸ்?" என்று அம்மா கேட்பாள்.

குழந்தைகளின் எச்சில் சுலபமாகக் கிடைத்தது. பிறந்தபோது உடலில் இருந்த செல்லுக்கு எங்கே போவது? அதை அம்மாக்கள் வைத்திருந்தார்கள். கொடி காய்ந்து விழுந்ததும் தாயத்தில் அடைத்து, குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கட்டிவிடுவது வழக்கமாயிற்றே. கடலூர்க் கடற்கரையில் வீடு வீடாகக் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் துரத்திவிட்டார்கள்.

அமராவதி துரத்தவில்லை. "நான் பயந்தது வயித்துப் புள்ளைய தொட்டுச்சான்னு இதுல தெரியுமா?" என்றாள். தெரியலாம் என்றேன். பிறகு ஏழு வயது மகள் வெண்மதியின் இடுப்பிலிருந்து தாயத்தைக் கழற்றிக் கொடுத்தாள். "பாதிதான் எடுத்துக்கணும். மீதிய பத்தரமா கொண்டாந்துடு, டாக்டரம்மா."

ஊசி போடத் தெரியாத டாக்டர் நான். அதுவும் இன்னும் ஆகாத டாக்டர்.

லேபில் அந்த மதியங்கள் எனக்குக் கனவாகவே நினைவிருக்கின்றன. ஏ.சி. முனகும். ஜன்னலுக்கு வெளியே வேப்பம்பூ உதிரும். மெஷின் சுற்றச் சுற்ற எனக்குக் கண் சொருகும். அப்படி ஒரு மதியம்தான் ரிசல்ட் வந்தது. வெண்மதியின் எச்சில் பெண் என்றது. அவளுடைய கொடி ஆண் என்றது.

தூக்கத்தில் டியூபை மாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? பதற்றத்தில், திருப்பித் தர வைத்திருந்த பாதியையும் எடுத்து அரைத்துக் கரைத்துவிட்டேன். மறுபடியும் ஆண். அதற்குப் பிறகுதான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். கரைத்ததில் மிச்சமிருந்த சொட்டு, விரல் நுனி அளவு குப்பியில், கைப்பைக்குள் இருந்தது. வயல்கள் மெதுவாக மிதந்து போயின. பாதித் தூக்கத்தில் என் மடியில் ஒரு கைக்குழந்தையின் கனம். பயமாக இல்லை. அது விழுந்துவிடக் கூடாதே என்று பையை இறுக்கிக்கொண்டேன்.

வெண்மதி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அமராவதி வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"அது என் மொத புள்ளையோடது. சுனாமிக்கு மூணு மாசம் கழிச்சு, வீடு போனவங்களுக்குப் போட்ட தகர ஷெட்டுல பொறந்தான். நாப்பது நாளுதான் இருந்தான். பக்கத்து ஷெட்டுல இவ தாயில்லாம அழுதா. எனக்குப் பால் நிக்கல. தூக்கிக்கிட்டேன். அவன் தாயத்த இவளுக்குக் கட்டுனேன்."

"முழுசையும் கரைச்சிட்டேன்க்கா. என்னை மன்னிச்சிடுங்க."

குப்பியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர்தான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி, சொல்லு. என் பயந்தான் அவன கொன்னுச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் ஒரே ஒரு கொடியை வைத்துக்கொண்டு அதை யாராலும் சொல்ல முடியாது. "தெரியலக்கா" என்றேன். இத்தனை வருடப் படிப்பில் இவ்வளவு வெட்கப்பட்டு நான் எந்தப் பதிலும் சொன்னதில்லை.

"உனக்கே தெரியலயா?"

"தெரியலக்கா."

"அப்ப, அது இல்லாமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம்க்கா."

அவள் மீன்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குப்பியை மாரோடு வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஏழு வருசமா நாந்தான்னு இருந்தேனே, டாக்டரம்மா."