காலி அலைவரிசை

ஜொகூரில் காலியான ஓர் எஃப்.எம். அலைவரிசையைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. நம் நிலையங்கள் போதாதென்று சிங்கப்பூரும் இந்தோனேசியாவின் பாத்தாமும் வேறு வந்து குந்திக்கொள்ளும். ரேமண்ட் மூன்று வாரம் மல்லுக்கட்டி எண்பத்தேழு புள்ளி ஆறைப் பிடித்திருந்தான். காரில் செருகிய குட்டி டிரான்ஸ்மிட்டர் வழியாகக் கைப்பேசியிலிருந்த மாதா பாட்டு அந்த எண்ணில் கார் ரேடியோவில் அத்தனை துல்லியமாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு ஞானஸ்நானத்துக்காகக் குடும்பமே வரிசையாக உலு திராமுக்குக் கார்களில் கிளம்பியது. வழியெல்லாம் அதே எண்ணில் ஒரே கரகரப்பு. ரேமண்ட் டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கிச் செருகினான். கைப்பேசியில் சத்தத்தைக் கூட்டினான், ரேடியோவில் குறைத்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

"அலமாக்! நேத்துவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு, இந்தச் சனியன்!"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் மனைவி ஷர்மைன்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. கரகரப்பு அடங்கி, அவன் போடாத குத்துப்பாட்டு ஒன்று காதைக் கிழித்தது. ரேமண்ட் ஸ்டியரிங்கை ஓங்கி அறைந்தான்.

பின்னால் ஒட்டி வந்து நின்ற காரிலிருந்து ஷர்மைனின் தம்பி கேப்ரியல் தலையை நீட்டிக் கத்தினான்: "மச்சான்! நீங்க குடுத்த நம்பர் சுத்த மோசம் லா! உங்க மாதா பாட்டு குறுக்க குறுக்க வருது!"

'ஜொகூரிலேயே சுத்தமான அலைவரிசை, எல்லாரும் டிரான்ஸ்மிட்டர இதுலயே வச்சுக்குங்க' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த எண்ணைப் பெருமையாகப் போட்டவனே ரேமண்ட்தான்.

ஷர்மைன் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னால இன்னும் ஆறு கார் வருதுங்க."